நிறுத்தக்கூடாத மாத்திரை

வலிப்புக்கு மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. "ஒரு வேளைகூட விடக்கூடாது." சரியான பேச்சுதான். வலிப்பு மாத்திரையைப் பாதியில் விட்டால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பிவரும், உயிருக்கே ஆபத்தாகலாம். 2012 பங்குனியில் மதுரையில் ஒரு தனியார் மருத்துவர் என் அண்ணனிடமும் மதினியிடமும் இதைத்தான் இரண்டு தடவை அழுத்திச் சொல்லி, கார்பமசெபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பேச்சுக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை.

அண்ணனுக்குச் சோழவந்தானில் தையல் கடை. அதற்கு முந்திய தீபாவளிச் சமயம், ராத்திரி வேலை முடித்து பைக்கில் வரும்போது மண் சறுக்கி விழுந்து தலையில் அடி. தையல் போட்டார்கள், ஆறியது. எல்லாம் முடிந்தது என்று இருந்தபோது, கடையில் மெஷினில் உட்கார்ந்திருந்தவருக்கு வலிப்பு வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூளையில் பழைய காயத்தின் தழும்பு இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டால் கட்டுக்குள் இருக்கும் என்றார்கள். இருந்ததும் உண்மை. மாத்திரை தொடங்கிய பிறகு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மதினி அடுப்படிச் சுவரில் தொங்கும் தினக்காலண்டர் தாளில் பேனாவால் கோடு போட்டு வைப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மருத்துவர் சொன்னதை அவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம் இருக்கும். காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். ஊரில் ஒரு கிளினிக்கில் காய்ச்சலுக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. மறுநாள் நெஞ்சிலும் முகத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அதற்கடுத்த நாள் உதட்டில் புண்.

சித்திரை வெயிலில் எங்கள் பக்கம் காய்ச்சலோடு உடம்பில் எது வந்தாலும் அது அம்மைதான். அப்பத்தா வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். ஜெனகை மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் வாங்கி வந்தார்கள். தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, வெளியாள் வீட்டுக்குள் வரக்கூடாது. நான் அப்போது மதுரையில் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்விப்பட்டு ஓடிவந்தவளைத் திண்ணையோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே பாயில் அண்ணன் படுத்திருப்பது நிழலாகத் தெரிந்தது. முனகல் மட்டும் கேட்டது.

அப்பத்தா இன்னொன்றும் சொன்னாள். "ஆத்தா இறங்கியிருக்கா. மருந்து மாத்திரை ஒண்ணும் ஆகாது, எல்லாத்தையும் நிப்பாட்டுத்தா." மதினி கேட்கவில்லை. வலிப்பு மாத்திரையை முந்தானைக்குள் வைத்து எடுத்துப்போய், விழுங்க முடியாமல் தவித்தவருக்கு மோரில் கரைத்துக் கொடுத்திருக்கிறார். டாக்டர் ஒரு வேளைகூட விடக்கூடாது என்றாரே.

இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துப் போகும். படித்த மருத்துவர் சொன்னபடி நடந்தவர் மதினி. அப்பத்தா அம்மனுக்குப் பயந்து சொன்னவள். அந்த ஒரு நேரத்தில் அப்பத்தா சொன்னபடி செய்திருந்தால் அண்ணனுக்கு நல்லதாக இருந்திருக்கும். மதினியிடம் எந்தக் குறையும் இல்லை. பாதிப் பேச்சை மட்டும் கொடுத்தனுப்பினால் அவர் என்ன செய்வார்?

அது அம்மை இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவரும் மதினிதான். அதற்கு முந்தைய வருஷம் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மை வந்து போயிருந்தது. திண்ணையில் நின்ற என்னிடம் வந்து, "அம்மைன்னா அரிக்கும்த்தா. இவருக்கு அரிக்கவே இல்ல, எரியுதுங்கிறாரு. சட்டை பட்டாக்கூட துடிக்கிறாரு. கண்ணத் தொறக்க முடியல, தலகாணியெல்லாம் ரத்தம்" என்றார். அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. பக்கத்துத் தெரு ஆட்டோவை நாங்களே கூப்பிட்டோம். ஏறும்போது மதினி சீட்டையும் மாத்திரை அட்டையையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தோல் துறையில் பயிற்சியில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர் பார்த்தார். நெஞ்சில் கொப்புளத்துக்குப் பக்கத்தில், நன்றாக இருப்பதுபோல் தெரிந்த தோலைக் கட்டைவிரலால் இலேசாக அழுத்தித் தள்ளினார். தோல் நகர்ந்து சுருண்டது. அடியில் ஈரச் சிவப்பு. அவர் கேட்ட முதல் கேள்வி: "புதுசா என்ன மாத்திரை ஆரம்பிச்சீங்க?" மதினி பையைக் கவிழ்த்தார். அட்டையைப் பார்த்ததும் அந்தப் பெண் அதை மேசையில் தட்டி, "இத இனிமே தொடவே கூடாது. இந்த ஜென்மத்துல" என்றார். ராத்திரிக்குள் நரம்பியல் துறையிலிருந்து ஒருவர் வந்து வலிப்புக்கு வேறு வகை மருந்து தொடங்கினார். ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால் ஆகியவையும் கார்பமசெபினைப் போன்ற வேதி அமைப்பு கொண்டவை, ஒன்று சேராதவருக்கு மற்றதும் சேராமல் போகலாம், அதனால் அந்தக் குடும்பத்து மருந்துகளையே தவிர்க்க வேண்டும் என்று விளக்கினார்.

நோயின் பெயரை ஸ்டீவன்ஸ்–ஜான்சன் சிண்ட்ரோம் என்றார்கள். 1922-இல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள், காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கண்ணில் சீழுமாக வந்த இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதியதிலிருந்து வந்த பெயர். உடம்பு முழுவதும் தோல் கழன்றுபோகும் கடுமையான நிலையை 1956-இல் விவரித்தவர் ஸ்காட்லாந்தின் ஆலன் லயல். கொதிநீர் கொட்டியதுபோல் இருக்கிறது என்று அவர் எழுதினார். இன்று இரண்டையும் ஒரே நோயின் இரு முனைகளாகப் பார்க்கிறார்கள். உடற்பரப்பில் 10 விழுக்காட்டுக்குள் தோல் உரிந்தால் முதல் வகை, 30-ஐத் தாண்டினால் இரண்டாவது, நடுவில் இருப்பது இரண்டும் கலந்தது. நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு ஏறக்குறைய ஒரு விழுக்காடு. தினமும் காலையில் அந்த மருத்துவர் அண்ணனின் கையைக் கணக்கில் வைத்து உரிந்த இடங்களை அளப்பார். எண் ஏறிக்கொண்டே போய் 20-ஐத் தொட்டபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். முதல் வகையில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இறப்பார்கள், 30-ஐத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவர்வரை போய்விடலாம் என்பதையெல்லாம் அவர் எங்களிடம் சொன்னது அண்ணன் தேறிய பிறகுதான்.

இதற்கென்று ஒரு மாற்று மருந்தோ முறிவு ஊசியோ இல்லை. காரணமான மருந்தை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். அது எவ்வளவு முந்துகிறதோ, பிழைக்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும். மற்றதெல்லாம் தீக்காயக்காரரைப் பார்ப்பதுபோல் பார்ப்பது. தனி அறை, குளிர் தாக்காத சூடு, நரம்பு வழியாகத் திரவம், மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி, உப்புநீரில் நனைத்த துணி, உதட்டுக்குப் பாரஃபின். படுக்கைத் துணி உடம்பில் ஒட்டிக்கொண்டு தோலைப் பிய்க்கும் என்பதால் வாழையிலையில் படுக்கவைத்தார்கள். நம் ஊர் தோல் வார்டுகளில் கொப்புள நோய்களுக்கும் தீக்காயத்துக்கும் இது வழக்கமாக இருந்துவருகிறது. இலை ஒட்டாது, குளுமையாக இருக்கும், விலையும் அதிகமில்லை. சோழவந்தானில் வாழைக்குப் பஞ்சமா? சித்தப்பா மகன் தினமும் முதல் பஸ்ஸில் இலைக்கட்டோடு வந்துவிடுவான். செவிலியர்கள் அதைக் கழுவி, கிருமி நீக்கி, நடுநரம்பைச் சீவி விரிப்பார்கள். புரட்டும்போது அண்ணன் கத்துகிற கத்தலுக்கு வராண்டாவில் நிற்பவர்களும் காதைப் பொத்திக்கொள்வார்கள். அந்தச் செவிலியர்களின் கையில் நான் கண்ட பொறுமையை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது.

கண்தான் பெரிய பாடு. இமையின் உட்புறமும் தோலைப் போலவே புண்ணாகும். கவனிக்காவிட்டால் இமையும் விழியும் ஒட்டிக்கொள்ளும். கண் மருத்துவர் ஒருவர் வந்து கண்ணாடிக் குச்சியால் இமைக்கு உள்ளே ஓட்டி ஒட்டலை எடுத்துவிடுவார். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர். ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் கொஞ்சம் கூடுதல் என்று அல்லோபியூரினால் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூட்டு வலியோ பெருவிரல் வீக்கமோ அவருக்கு இருந்ததே இல்லை. காகிதத்தில் வந்த ஓர் எண்ணுக்காக மாத்திரை. அவருடைய மகன் கொண்டுவந்தது ஒரு காகிதக் கவர், உள்ளே கத்தரித்த மாத்திரைத் துண்டுகள். மெடிக்கல் ஷாப்பில் நான்கு நான்காக வெட்டிக் கொடுத்ததில் பெயர் இருந்த பகுதி போய்விட்டது. இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, இது எது என்று கண்டுபிடிக்க அந்த மகன் மறுபடி ஊருக்குப் போய்க் கடைக்காரரை எழுப்பிக் கேட்டு வர வேண்டியிருந்தது. பெரியவர் பிழைக்கவில்லை. சிறுநீர்க் கடுப்புக்குக் கோட்ரைமாக்ஸசோல் சாப்பிட்டு வந்த ஒரு பெண்ணும் அந்த வார்டில் இருந்தார். அவர் தேறி வீட்டுக்குப் போனார். சல்ஃபா மருந்துகள், வலிப்பு மருந்துகள், அல்லோபியூரினால், எச்.ஐ.வி.க்கு அப்போது பரவலாகக் கொடுத்துவந்த நெவிரப்பின், சில வலி மாத்திரைகள் என்று பட்டியல் நீளும். எல்லாம் ஊரெங்கும் விற்கிற சாதாரண மருந்துகள். பெரும்பாலும் தொடங்கிய நான்கு நாள் முதல் நான்கு வாரத்துக்குள் வெடிக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மிக அரிய நோய். 10 லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கு வருவது. கார்பமசெபின் கெட்ட மருந்து என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது, கோடிக்கணக்கானவர்களை வலிப்பிலிருந்து காப்பாற்றுவது. இதைப் படித்துவிட்டு யாரும் பயந்துபோய் நன்றாக ஒத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

ஆனால் அரியது என்பதற்காகச் சொல்லாமல் விடலாமா? அண்ணன் தேறிவந்த மாதங்களில் நான் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். தைவானில் 2004-லேயே, கார்பமசெபினால் இந்த நோய்க்கு ஆளான 44 பேரைச் சோதித்து, அத்தனை பேரிடமும் ஒரே மரபணுக் கூறு இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எச்.எல்.ஏ–பி 1502 என்பது அதன் பெயர். 2007 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மாத்திரை தொடங்கும் முன் இந்தச் சோதனை செய்யுங்கள் என்று எச்சரித்தது. பிறகு தைவானிலேயே 4,877 பேரை முன்கூட்டிச் சோதித்து, கூறு இருந்தவர்களுக்கு மட்டும் வேறு மருந்து கொடுத்தார்கள். முந்தைய கணக்குப்படி பத்துப் பேர்வரை நோயில் விழுந்திருக்க வேண்டும், ஒருவருக்குக்கூட வரவில்லை. அந்த ஆய்வு வெளியானது 2011-இல். அதற்கடுத்த வருஷம்தான் என் அண்ணன் வாழையிலையில் கிடந்தார். அந்தக் கூறு இந்தியாவில் எல்லா மக்களிடமும் ஒரே அளவில் இல்லை, அது இல்லாதவர்களுக்கும் நோய் வரலாம் என்பதெல்லாம் உண்மை. சோதனைக்குச் செலவு உண்டு என்பதும் உண்மை. ஒரு வாக்கியம் சொல்வதற்கு என்ன செலவு?

2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று செய்தித்தாளில் வந்தது. அண்ணனுக்கு வெளிச்சம் பார்த்துப் படிக்க முடியாது என்பதால் நான்தான் வாசித்துக் காட்டினேன். அமெரிக்காவிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்திருந்த அனுராதா சாஹா என்ற இளம் குழந்தை உளவியலாளர், தோல் கழலும் இதே நோயின் கடுமையான வகையில் 1998-இல் இறந்துபோனார். கணவர் குணால் சாஹா, அவரும் ஒரு மருத்துவர், சிகிச்சையில் நடந்த பிழைகளுக்காகப் பதினைந்து வருஷம் வழக்காடினார். அளவுக்கு மீறிய ஸ்டீராய்டு ஊசியும், தோல் போன உடம்புக்குத் தர வேண்டிய பராமரிப்பைத் தராததும் வழக்கின் மையம். ஏறக்குறைய 6 கோடி ரூபாயும் வட்டியும் இழப்பீடாகத் தரச் சொன்னது நீதிமன்றம். கேட்டுக்கொண்டிருந்த மதினி, "அவ்வளவு படிச்சவங்க வீட்டுலயும் இப்படியா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் பிழைத்தார். தோல் வளர்ந்தது, அங்கங்கே கறுப்பும் வெளுப்புமாக. விழுந்த நகங்கள் முளைத்தன. கண் மட்டும் பழையபடி ஆகவில்லை. கண்ணீர் சுரக்கும் இடங்கள் தழும்பாகிப் போனதால் மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும். இமை முடி உள்பக்கமாக வளர்ந்து கருவிழியை உரசும். அதைப் பிடுங்கி எடுக்க மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு நடையாய் நடக்கிறார். கருப்புக் கண்ணாடி இல்லாமல் வாசலுக்கு வர முடியாது. ஊசியில் நூல் கோக்க முடியாத தையல்காரராகிவிட்டார். மதினி தையல் கற்றுக்கொண்டு கடையை எடுத்து நடத்துகிறார். அண்ணன் துணியைத் தடவியே அளவு சொல்வார், மதினி வெட்டுவார்.

அவரைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களைப் பிறகு கண் ஆஸ்பத்திரி வராண்டாக்களில் பார்த்தேன். இரண்டு கருவிழியும் வெளுத்துப்போனவர்கள். அவர்களில் சிலருக்கு, அவர்களுடைய பல் ஒன்றையே எலும்போடு எடுத்து, அதில் துளையிட்டு லென்ஸ் பொருத்தி, கண்ணுக்குள் வைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி என்பவர் தொடங்கிவைத்தது, சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். ஒரு காய்ச்சல் மாத்திரையோ வலி மாத்திரையோ சாப்பிட்டதற்குப் பிறகு, ஒரு மனிதர் தன் பல்லைக் கொடுத்துப் பார்வை வாங்க வேண்டியிருக்கிறது.

பெரியாஸ்பத்திரியிலிருந்து வரும்போது அந்த இளம் மருத்துவர் ஓர் அட்டை எழுதித் தந்தார். அண்ணனுக்கு ஆகாத மருந்துகளின் பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும். மதினி அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, அண்ணனின் எல்லாச் சட்டைப் பையிலும் ஒரு நகல் வைத்தார். சில வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போன ஊரில் அண்ணன் மயங்கி விழ, பக்கத்து மருத்துவமனையில் வலிப்பு என்று நினைத்து ஃபெனிட்டாயின் ஊசி ஏற்றப் போயிருக்கிறார்கள். சட்டைப் பையைத் துழாவிய செவிலியர் அட்டையைக் கண்டு கையைப் பிடித்து நிறுத்தினார்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மருந்தியல் துறையிலிருந்து ஒருவர் வந்து ஒரு படிவம் நிரப்பிக்கொண்டு போனார். நோயாளியின் முழுப்பெயர் வேண்டாம், தலைப்பெழுத்து போதும் என்றார். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, அட்டையில் இருந்த தொகுதி எண். மதினியின் காலண்டர் கோடுகளால் தேதி அத்தனையும் துல்லியமாகக் கிடைத்தது. 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு, அது போகும். அங்கிருந்து ஸ்வீடன் உப்சாலாவில் உள்ள உலகத் தரவுத்தளத்துக்கும் போகும். எந்த மருந்து எந்த மக்களுக்கு ஆபத்து என்று உலகம் தெரிந்துகொள்வது இப்படிச் சேரும் தாள்களிலிருந்துதான். ஆனால் எங்கள் ஊர்க் கிளினிக்குகளிலிருந்து ஒரு தாள் போகிறதா? எழுதினால் நம்மேல் பழி வரும் என்று மருத்துவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் படிவம் பழி சுமத்துவதற்கானது கிடையாது. எழுதுபவர் பெயரையும் வெளியிட மாட்டார்கள்.

மருத்துவர்களுக்கு என் வேண்டுகோள் இது. வலிப்பு மாத்திரை, சல்ஃபா, அல்லோபியூரினால் எழுதும்போது அந்த மறுபாதியையும் சொல்லுங்கள்: "காய்ச்சலோடு உடம்பில் தடிப்போ, உதட்டிலும் வாயிலும் புண்ணோ, கண் சிவப்போ வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அதே நாளில் அட்டையோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்." மருத்துவர் சொல்ல மறந்தால், மாத்திரை வாங்கும் நீங்கள் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையை வெட்டிக் கொடுத்தால் பெயரைக் கவரின்மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மை என்று வீட்டில் படுக்க வைத்திருப்பவர் கடந்த இரண்டு மாதத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினாரா என்று ஒரு தடவை யோசியுங்கள். ஒருமுறை ஆகாத மருந்தின் பெயர் அவர் சட்டைப் பையிலும் வீட்டார் கையிலும் இருக்கட்டும். மருந்து ஒத்துக்கொள்ளாததைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. மருத்துவர்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை, பாதிக்கப்பட்டவரே கூப்பிடலாம், அவர் வீட்டாரும் கூப்பிடலாம்.